கை பட்ட உயரம்

கீழ்வீட்டு குளோரி டீச்சர் குளியலறையில் விழுந்து
இடுப்பெலும்பு முறிந்து
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்
எத்திராஜ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.
எட்டாம் நாள் காலை, பேப்பரை மடித்தபடி,
"அந்த முபாரக்குக்கு ஒரு போன் போடு" என்றார்
ஏதோ குழாய் ஒழுகுவதைப்போல.

அயனாவரம் ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
முப்பத்தாறு படிகள்.
எந்த வருஷம் எண்ணத் தொடங்கினேன் என்று
நான் யாருக்கும் சொல்லவில்லை.

காதில் பென்சில், தோளில் டிரில்லிங் மெஷின்,
முபாரக் வந்ததும் கேட்டது:
"இந்தத் தடுப்பை உடைச்சிடலாமா சார்?"
குளியலறைத் தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்க
குடிவந்த மாசம் இவரே குழைத்துக் கட்டிய நாலங்குலம்.
லாரித் தண்ணீர்க் காலத்தில்
எங்கள் பெருமையே அந்த நாலங்குலம்தான்.
இவர் கட்டைவிரலால் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.
"உடை."

ஐ.சி.எஃப்பில் முப்பத்துநாலு வருஷம்
ரயில்பெட்டிக் கழிவறைகளுக்குக் கம்பி மாட்டியவர்.
முகம் தெரியாத எத்தனை பேர்
அதைப் பிடித்துக்கொண்டே ஜம்மு வரை போயிருப்பார்கள்!
சொந்த வீட்டில் மாட்டியது
துண்டு போட ஒரே ஒரு பிளாஸ்டிக் கொக்கி.

"எந்த உயரத்துலப்பா வைப்ப?" என்றேன்.
"அளவு எதுக்கும்மா, சுவரே சொல்லும்."
கூடத்து விளக்கை அணைத்துவிட்டு
செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார்.

படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வரை
பிசுக்கேறிய ஒரு கோடு,
தலைக்கு வைக்கும் எண்ணெய் நிறத்தில்.
அதற்கு ஒரு சாண் கீழே
இன்னொன்று, வெளிறி, லேசாக மஞ்சள் படிந்து.

"ரெண்டு பேருமா?" என்றார் முபாரக்.

நான் காலண்டரைப் பார்த்தேன்.
இவர் டிரில்லிங் மெஷினைப் பார்த்தார்.

என் கோட்டை ஈரத்துணியால் பலமுறை துடைத்தவள் நான்.
ஒரு சாண் மேலே கண் போகவில்லை.
போன தை மாசம் பெயின்ட் அடிக்கலாமா என்று பையன் கேட்டபோது
"இப்ப எதுக்கு" என்று ஒரே குரலில் சொன்னோம்.
அப்போதும் தெரியவில்லை.
லைட் போட்டால் அவர் விழித்துக்கொள்வார் என்று நானும்
இவள் விழித்துக்கொள்வாள் என்று அவரும்
இருட்டிலேயே நடந்திருக்கிறோம்,
இரண்டு மணிக்கு அவர், நாலு மணிக்கு நான்,
ஒரே சுவரைப் பிடித்துக்கொண்டு.

"நடுவுல ஒரே கம்பியா போட்டுடவா?"
"அவ உயரத்துக்குப் போடு" என்றார் இவர்.
"அவருக்கு முட்டி வலி, குனிய முடியாது" என்றேன் நான்.
"எனக்கு எப்ப முட்டி வலி வந்துது?"
"எனக்குத் தெரியாதாக்கும்."
முபாரக் டீ குடித்தார். இரண்டாவது டீயும் குடித்தார்.
பிறகு யாரையும் கேட்காமல்
இரண்டு கம்பி போட்டுவிட்டு
ஒன்றுக்குத்தான் கூலி வாங்கிக்கொண்டார்.

வழுக்காத ஓடு பதித்தாயிற்று.
கட்டில் பக்கம் சின்ன மஞ்சள் விளக்கு.
கால் தட்டும் மிதியடி பரண் ஏறிவிட்டது.
படிக்கட்டுக்குத்தான் முபாரக்கிடம் வழியில்லை:
லிஃப்டுக்கு எட்டு வீடும் கையெழுத்துப் போட வேண்டும்,
தரைத்தளத்துக்காரர் இன்னும் யோசிக்கிறார்.
அவருக்கு ஐம்பத்திரண்டு வயதுதான்.

அன்று ராத்திரி இரண்டு மணி.
மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முதுகு.
கம்பியில் அவர் மோதிரம் பட்ட சத்தம்,
ரயில் கிளம்பும்முன் பெட்டிகள்
லேசாக இடித்துக்கொள்வதுபோல.

இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள்
"பாத்து" என்றேன்.
அவர் நின்றார்.
"தூங்கலையா நீ?"

"எப்பவும்தான் தூங்கலை."